காப்பி முடிந்தது என்று காட்டிய பிறகும் பென்டிரைவை எஜெக்ட் செய்துதான் கழற்ற வேண்டுமா?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது: "உபுண்டு போட்ட லேப்டாப்பில் இருந்து 64 ஜிபி பென்டிரைவுக்கு ஒரு பிடிஎஃப் காப்பி செய்தேன். முடிந்துவிட்டது என்று பார்த்த பிறகுதான் கழற்றினேன். ஜெராக்ஸ் கடையில் போட்டால் ஃபைல் பெயர் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் திறக்கவில்லை. ஏன்?" இரண்டாவது: "விண்டோஸ் 10 வந்த பிறகு எஜெக்ட் எல்லாம் வேண்டாம், அப்படியே உருவிக்கொள்ளலாம் என்கிறார்களே, நிஜமா?"

இரண்டாவதற்குச் சுருக்கமான பதில்: பாதி நிஜம். விண்டோஸில், சாதாரண பென்டிரைவில், எழுதும் வேலை எதுவும் ஓடாத நேரத்தில் அப்படியே உருவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதே பழக்கத்தை மேக்கிலோ லினக்ஸிலோ, முக்கியமாகச் சுழலும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலோ காட்டக்கூடாது. ஏன் என்பது முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளி வைத்துவிடலாம். சொருகியபடியே பிடுங்கினால் ஷார்ட் ஆகும், போர்ட் எரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். யு.எஸ்.பி. 1996-ல் வந்தபோதே, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மாட்டவும் கழற்றவும் ஏற்றபடிதான் வடிவமைத்தார்கள். வழக்கமான தட்டை யு.எஸ்.பி. பிளக்கின் வாய்க்குள் பாருங்கள். பழைய வகையில் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் கொஞ்சம் நீளம், நடுவில் உள்ள இரண்டும் கொஞ்சம் குட்டை. ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவில் இருப்பவை டேட்டாவுக்கு. சொருகும்போது மின்சாரம் முதலில் சேரும். உருவும்போது டேட்டா முதலில் விடுபடும். ஆக, மின்சார ரீதியாக அந்த வடிவமே உங்களைக் காப்பாற்றுகிறது. அது காப்பாற்ற முடியாதது, எழுதிக்கொண்டிருந்த ஃபைலை.

இப்போது உங்கள் பிடிஎஃப். காப்பி கொடுத்ததும் ஒரு பட்டை ஓடி முடிந்ததே, அது எதை அளந்தது? பல நேரங்களில் அது அளந்தது ஃபைல் கணினியின் ராம் மெமரிக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும்தான். ராம் மிக வேகமானது, பென்டிரைவ் மெதுவானது. பயனரைக் காக்க வைக்க வேண்டாம் என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் டேட்டாவை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்று சொல்லிவிடும். பிறகு ஓய்வாகப் பென்டிரைவுக்கு எழுதும். இதை ரைட் கேஷ் என்பார்கள். உங்கள் உபுண்டு ஒரு லினக்ஸ் வகைதான், லினக்ஸில் இது தாராளமாகவே நடக்கும். வழக்கமான அமைப்பில், கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம் வரை எழுதப்படாத டேட்டா தேங்கி நிற்க இடம் உண்டு. தேங்கிய டேட்டா 30 வினாடி பழையதானால் கட்டாயம் வெளியே தள்ள வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. பெரிய ஃபைல் என்றால்: மலிவான பென்டிரைவ் ஒன்று வினாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 ஜிபி கல்யாண வீடியோவை முழுதாக எழுத அதற்கு 200 வினாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டும். ராம் நிறைய உள்ள கணினியில் பட்டை சில வினாடிகளிலேயே கடைசிக்குப் போய்விடலாம். மீதி நேரமெல்லாம் எழுத்து நடந்துகொண்டுதான் இருக்கும், திரையில் தெரியாது. பட்டை கடைசி ஒரு சதவீதத்தில் வந்து அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தத் தேக்கம் வடியும் நேரம்தான்.

சின்ன ஃபைல் என்றால் வேறு மாதிரி ஆபத்து, உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். 300 கேபி பிடிஎஃப் காப்பி ஆக ஒரு நொடிகூட ஆகாது, பட்டையே கண்ணில் படாது. ஆனால் அது ராமில் சில வினாடிகள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்த இடைவெளியில் கழற்றினால் ஃபைல் பென்டிரைவுக்குப் போகவே இல்லை, அல்லது பாதி போயிருக்கிறது.

"போகவே இல்லை என்றால் பெயரும் அளவும் எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். ஒரு ஃபைலைச் சேமிப்பது ஒரே ஒரு எழுத்து வேலையாக முடிவதில்லை. குறைந்தது மூன்று இடங்களில் எழுத வேண்டும்: ஒன்று, ஃபைலின் உள்ளடக்கம்; இரண்டு, டிரைவில் எந்தெந்த இடங்கள் நிரம்பிவிட்டன, எது எதற்குத் தொடர்ச்சி என்ற கணக்கு; மூன்று, பெயர், அளவு, தொடங்கும் இடம் ஆகியவை உள்ள ஃபோல்டர் பதிவு. குடோனில் சரக்கு இறக்குவதும் பேரேட்டில் பதிவதும் தனித்தனி வேலை என்பது போலத்தான். பதிவு முதலில் எழுதப்பட்டு, சரக்கு வருவதற்குள் டிரைவைக் கழற்றினால் பெயர் இருக்கும், அளவு இருக்கும், அந்த இடத்தில் முன்பு கிடந்த ஏதோ பழைய குப்பையோ வெறும் பூஜ்ஜியங்களோ இருக்கும். உங்கள் பிடிஎஃப் அந்த வகை. சரக்கு இறங்கியும் பதிவு முழுமையாகாமல் போனால் 0 கேபி என்று காட்டும் ஃபைல் கிடைக்கும், அல்லது ஃபைலே தெரியாது. நடுவில் உள்ள கணக்கு அறுந்தால் இன்னும் மோசம். இரண்டு ஃபைல்கள் ஒரே இடத்தைத் தமது என்று சொல்லிக்கொள்ளும், ஒன்றைத் திறந்தால் மற்றொன்றின் துண்டு வரும்.

எஜெக்ட் கொடுக்கும்போது கணினி செய்யும் வேலை இதுதான்: தேங்கியிருக்கும் எல்லாவற்றையும் எழுதி முடிக்கிறது, டிரைவின் உள்ளே இருக்கும் கேஷையும் காலி செய்யச் சொல்கிறது, யாராவது ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறது, இந்த டிரைவ் ஒழுங்காக மூடப்பட்டது என்று குறித்துவிட்டு இணைப்பை விடுகிறது. அந்தக் கடைசிக் குறிப்பு விடுபட்டால்தான் அடுத்த முறை மாட்டும்போது "இந்த டிரைவில் ஒரு பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யுங்கள்" என்று விண்டோஸ் சொல்லும். அந்தச் செய்தி வந்தாலே ஃபைல் போய்விட்டது என்று பதற வேண்டாம். முந்தைய முறை ஒழுங்காக மூடவில்லை என்ற தகவல் மட்டும்தான் அது.

எந்த ஃபார்மேட்டில், அதாவது ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் எந்த முறையில், டிரைவ் இருக்கிறது என்பதும் பெரிய வித்தியாசம். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை ஜர்னல் வைத்திருக்கும். அதாவது, ஃபோல்டர் கணக்கில் ஒரு மாற்றம் செய்யும் முன் "இதைச் செய்யப்போகிறேன்" என்று தனியாகக் குறித்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனாலும் அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். கணக்குதான் நேராகும், எழுதாமல் விட்ட உள்ளடக்கம் திரும்பி வராது என்பதை மறக்க வேண்டாம். பென்டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அந்த ஜர்னலும் கிடையாது. ஃபேட்32-ல் இடக் கணக்குக்கு இரண்டு பிரதிகளாவது இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் பொதுவாக ஒன்றுதான். 32 ஜிபிக்கு மேல் உள்ள எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டுகள் எல்லாம் எக்ஸ்ஃபேட்டில்தான் வரும். மேக், விண்டோஸ் இரண்டிலும் வேலை செய்ய வேண்டும், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலும் போக வேண்டும் என்று பெரிய ஹார்டு டிஸ்க்குகளையும் இதே ஃபார்மேட்டில் போடுகிறார்கள். வசதிதான். ஆனால் பிடுங்கும் பழக்கம் உள்ளவர் கையில் எக்ஸ்ஃபேட் டிஸ்க் இருப்பது எனக்குக் கவலை தரும் விஷயம். விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துபவர் என்றால் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ்.-லும், மேக் மட்டுமே என்றால் ஆப்பிளின் சொந்த ஃபார்மேட்டான ஏ.பி.எஃப்.எஸ்.-லும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. புதிதாக எழுதிய ஃபைல் மட்டும்தான் கெடும், பழையவை பத்திரம் என்ற நம்பிக்கை சரியில்லை. பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில், ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத முடியும். அதனால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் (சிப்பை நிர்வகிக்கும் சின்ன மூளை), பழைய டேட்டாவை வேறு தொகுதிக்கு நகர்த்துவது, எது எங்கே போனது என்ற அட்டவணையைத் திருத்துவது என்று ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் கணினிக்கே தெரியாமல் நடப்பது. அந்த அட்டவணையைத் திருத்தும் நேரத்தில் மின்சாரம் போனால், நீங்கள் மாதக்கணக்கில் தொடாத ஃபோட்டோவும் கெடலாம். ஒரே செல்லில் (சிப்பில் டேட்டாவை வைக்கும் மிகச் சிறிய அறை) இரண்டு மூன்று பிட்களைச் சேர்த்து வைக்கும் இன்றைய மலிவு சிப்களில், புதிய பிட்டை எழுதும்போது தடைபட்டால் அதே செல்லில் முன்பே எழுதியிருந்த பிட்டும் சேர்ந்து போகலாம். மொத்த டிரைவும் 0 பைட் என்றோ "நோ மீடியா" என்றோ காட்டிக்கொண்டு சர்வீஸுக்கு வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். சர்வர்களுக்கான விலை உயர்ந்த எஸ்.எஸ்.டி.க்களில், மின்சாரம் போனாலும் கையிலிருக்கும் வேலையை முடிக்கும் அளவுக்கு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். பென்டிரைவில் அதற்கு இடமும் இல்லை, விலையும் கட்டாது.

சரி, விண்டோஸ் 10 விஷயம். அக்டோபர் 2018 அப்டேட்டில், அதாவது 1809 என்ற பதிப்பில், மைக்ரோசாஃப்ட் வெளி டிரைவ்களுக்கான இயல்பு அமைப்பை மாற்றியது. அதற்கு முன் "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" என்று இருந்தது, அதன்பின் "குயிக் ரிமூவல்" ஆனது. முன்னது ராமில் தேக்கி வைத்து வேகமாக எழுதும், எஜெக்ட் கட்டாயம். பின்னது தேக்கி வைக்காது, கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் கழற்றத் தயாராக இருக்கும். எஜெக்ட் வேண்டாம் என்ற பேச்சு பரவியது இதிலிருந்துதான். உங்கள் டிரைவ் எந்த அமைப்பில் இருக்கிறது என்று பார்க்க, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் என்பதை விரித்து, உங்கள் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் பாலிசீஸ் என்ற பகுதிக்குப் போங்கள். இந்த அமைப்பு ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி. வேகம் வேண்டும் என்று யாராவது ஒரு டிஸ்க்குக்கு மட்டும் மாற்றியிருந்தால் அது மாறியபடியே இருக்கும். ஆபீஸ் கணினியிலோ கடைக் கணினியிலோ என்ன அமைப்பு என்று நீங்கள் போய்ப் பார்க்கப் போவதில்லை.

குயிக் ரிமூவல் இருந்தாலும், எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் பிடுங்கினால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எழுதவில்லை என்று நீங்கள் நினைக்கும்போதும் யாராவது எழுதிக்கொண்டிருக்கலாம். பென்டிரைவில் இருந்தே வேர்டு ஃபைலைத் திறந்து வேலை செய்தால், வேர்டு அதே ஃபோல்டரில் மறைவான தற்காலிக ஃபைல்களை எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கும். ஆன்டிவைரஸ் ஒருபக்கம் ஸ்கேன் செய்யும். என் அபிப்பிராயம்: ஃபைலை முதலில் கணினிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, அங்கே வேலை பார்த்து, முடிந்ததும் திரும்ப பென்டிரைவில் போடுங்கள். பென்டிரைவுக்குள்ளேயே வைத்து எடிட் செய்வதைப் போல டேட்டா இழக்கும் வழி வேறு குறைவு. டாலி, போட்டோஷாப், வீடியோ எடிட்டிங் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு எஜெக்ட் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றிக்கொண்டிருக்க, படிக்கும் ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒழுங்காக நிறுத்தினால் ஹெட் நிதானமாக ஓரத்தில் உள்ள சரிவில் போய் ஏறிக்கொள்ளும், பிறகு தட்டு நிற்கும். திடீரென்று மின்சாரத்தை அறுத்தால், சுழலும் தட்டின் மிச்ச வேகத்தில் இருந்தே மின்சாரம் எடுத்து, ஹெட்டை அவசரமாக இழுத்து ஓரம் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அருமையான ஏற்பாடுதான், ஆனால் அவசரத்துக்கானது. அந்த இழுப்பு சாதாரண இழுப்பைவிடக் கடினமானது. இப்படி எத்தனை முறை நடந்தது என்பதை டிஸ்க்கே எண்ணி வைக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், பெரும்பாலான டிஸ்க்குகளில் "பவர்-ஆஃப் ரிட்ராக்ட் கவுன்ட்" என்ற பெயரில் அந்த எண் தெரியும். பழைய டிஸ்க் வாங்கும்போது நான் அந்த வரியையும் பார்க்கச் சொல்வேன். முந்தைய உரிமையாளர் எப்படிக் கையாண்டார் என்பதற்கு அது ஒரு சாட்சி.

எஜெக்ட் ஆனதும் பல டிஸ்க்குகளில் விரலை வைத்தால் அதிர்வு அடங்குவது தெரியும். அடங்கிய பிறகு கேபிளைக் கழற்றுங்கள். அடங்காத வகை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு பத்து வினாடி டிஸ்க்கை மேசையிலேயே விட்டுவிடுங்கள். கேபிளை உருவிய கையோடு, தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைத் தூக்கிப் பையில் போடுவதுதான் பலர் செய்வது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

எஜெக்ட் செய்யும் முறை பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறிக்குள் யு.எஸ்.பி. படம் இருக்கும், அல்லது திஸ் பிசியில் டிரைவின்மேல் வலது கிளிக் செய்து எஜெக்ட். "பாதுகாப்பாகக் கழற்றலாம்" என்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். மேக்கில் ஃபைண்டரில் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் உள்ள முக்கோணக் குறி, அல்லது டிரைவைத் தேர்ந்தெடுத்து கமாண்ட்-இ. ஒரே டிஸ்க்கில் இரண்டு பார்டிஷன் இருந்தால் இதை மட்டுமா, எல்லாவற்றையுமா என்று மேக் கேட்கும். எல்லாவற்றையும் என்று கொடுங்கள். ஒன்றை மட்டும் எஜெக்ட் செய்துவிட்டுக் கேபிளை உருவினால் மற்றொன்றைப் பிடுங்கியதாகத்தான் ஆகும். உபுண்டுவில் ஃபைல்ஸ் ஜன்னலின் இடப்பக்கம் டிரைவ் பெயரருகே எஜெக்ட் குறி இருக்கிறது. எழுத வேண்டியது மிச்சம் இருந்தால் "எழுதிக்கொண்டிருக்கிறது, கழற்ற வேண்டாம்" என்று ஒரு அறிவிப்பு வரும், முடிந்ததும் கழற்றலாம் என்று இன்னொன்று வரும். நீங்கள் அன்றைக்கு இந்தக் குறியை அழுத்தியிருந்தால் பிடிஎஃப் திறந்திருக்கும். டெர்மினலில் வேலை செய்பவர்களுக்கு "சிங்க்" என்ற கட்டளை இருக்கிறது. அது தேங்கியதை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் திரும்பும். ஆனால் அன்மவுன்ட் செய்வதற்கு, அதாவது டிரைவை ஒழுங்காக மூடி இணைப்பை விடுவதற்கு, அது மாற்றாகாது.

பென்டிரைவின் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். சிமிட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சிமிட்டவில்லை என்பதற்கு, ராமில் எதுவும் காத்திருக்கவில்லை என்று அர்த்தமில்லை. சிலவற்றில் எஜெக்ட் ஆன பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

மக்கள் எஜெக்டைக் கைவிடுவதற்கு உண்மையான காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. "இந்த டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது, ஜன்னல்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்" என்ற செய்திதான் காரணம். எதை மூட வேண்டும் என்று அது சொல்லாது. நாலு தடவை முயன்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பிடுங்கிவிடுகிறார்கள். அந்த நிலையில் என்ன செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எளிதானவை: அந்த டிரைவைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலை மூடுங்கள். ஃபைலைத் திறந்த வேர்டு, பிடிஎஃப் ரீடர், வீடியோ பிளேயர் ஆகியவற்றை முழுதாக மூடுங்கள். ஃபைலை மட்டும் மூடினால் சில மென்பொருள்கள் பிடியை விடுவதில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட் அல்லது டெர்மினல் ஜன்னல் அந்த டிரைவின் ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்தாலே போதும், எஜெக்ட் மறுக்கப்படும். அதில் எந்தக் கட்டளையும் ஓட வேண்டியதில்லை. இது மூன்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் மூடிவிட்டு அரை நிமிடம் விடுங்கள். ஆன்டிவைரஸோ தேடல் அட்டவணை எழுதும் வேலையோ இருந்தால் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அப்புறமும் மறுத்தால், விண்டோஸில் பிடித்து வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்டார்ட்டில் தேடி ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம். மேலே சற்று முன் பதிவான எச்சரிக்கைகளில் கெர்னல்-பி.என்.பி. என்ற பெயரில், 225 என்ற எண்ணோடு ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கினால், எந்த மென்பொருள், எந்த ப்ராசஸ் எண், எந்த டிவைஸின் எஜெக்டைத் தடுத்தது என்று முழு வரியாக எழுதியிருக்கும். அந்தப் பெயரை வைத்து மென்பொருளை மூடலாம், அல்லது டாஸ்க் மேனேஜரில் அந்த ப்ராசஸை நிறுத்தலாம். எக்ஸ்ப்ளோரர் என்றே காட்டினால் டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். விண்டோஸின் சொந்த சேவை ஏதாவது பெயரில் வந்தால் அதை நிறுத்தப் போக வேண்டாம்.

மேக்கில் அதிகம் பிடித்து வைப்பவை ஸ்பாட்லைட் தேடலும் டைம் மெஷினும். டைம் மெஷின் பேக்கப் ஓடினால் மெனு பாரில் அதன் குறியை அழுத்தி அந்த முறையை நிறுத்திவிட்டு எஜெக்ட் கொடுங்கள். ஃபோர்ஸ் எஜெக்ட் என்று ஒரு பொத்தானும் காட்டும். எந்த மென்பொருள் பிடித்திருக்கிறது என்று தெரிந்து, அதில் சேமிக்காதது எதுவும் இல்லை என்று உறுதியானால் மட்டும் அதை அழுத்தலாம்.

எதுவும் சரிப்படவில்லை என்றால் கணினியை ஷட்டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள். ஆனால் விண்டோஸில் ஒரு சூட்சுமம் உண்டு. விண்டோஸ் 8-ல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது. சிஸ்டத்தின் ஒரு பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து உறங்கப் போகும் வேலை அது. அப்படி நிறுத்திய கணினியின் என்.டி.எஃப்.எஸ். டிரைவை லினக்ஸில் மாட்டினால், உறக்கத்தில் இருக்கும் டிரைவ் என்று சொல்லி அதில் எழுத மறுப்பது இதனால்தான். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்து மறுபடி கம்பெனி லோகோ வரும் கட்டத்தில் கழற்றினாலும் சரி.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கழற்றுவது இதில் சேராது. ஸ்லீப்பில் இருக்கும் கணினி, டிரைவ் தன்னிடம் மாட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். மூடிய மேக்கில் டிஸ்க்கை உருவிவிட்டு மறுநாள் திறந்தால் "டிஸ்க் ஒழுங்காக எஜெக்ட் செய்யப்படவில்லை" என்று வரிசையாக வருமே, அதுதான் இது.

டைப்-சி ஹப், டாக், ஹப் உள்ள மானிட்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே கேபிளில் மானிட்டர், கீபோர்டு, நெட்வொர்க், அதோடு பின்னால் சொருகிய ஹார்டு டிஸ்க்கும் தொங்கும். மீட்டிங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த ஒரு கேபிளை உருவினால் டிஸ்க்கையும் சேர்த்துப் பிடுங்குகிறீர்கள். பேக்கப் டிஸ்க்கை டாக்கில் நிரந்தரமாக மாட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் இது தினமும் நடக்கும். பேக்கப்பே கெட்டுப்போன கதைகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

மவுஸ், கீபோர்டு, ஹெட்செட், வெப்கேம் இவற்றுக்கு எஜெக்ட் தேவையே இல்லை. பிரின்டரை அச்சடித்துக்கொண்டிருக்கும்போதும் ஃபர்ம்வேர் அப்டேட் நடக்கும்போதும் தொடாமல் இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து ஃபைல் எடுக்கும்போது, டிரைவைக் கணினி நேரடியாக ஆள்வதில்லை. கேட்டதைப் போன் எடுத்துக் கொடுக்கிறது, கணக்கு போன் கையிலேயே இருக்கிறது. எனவே காப்பி முடிந்தால் கழற்றலாம். போனுக்குள் இருக்கும் மெமரி கார்டு வேறு கதை: செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். அந்தக் கார்டை "இன்டர்னல் ஸ்டோரேஜ்" ஆக மாற்றியிருந்தால் எடுக்கவே கூடாது. 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்த வசதி அது. அப்படிப்பட்ட கார்டை அந்தப் போனின் சாவியால் பூட்டி வைத்திருக்கும், வேறெங்கும் திறக்காது. கேமராவில் தொடர்ச்சியாகப் படம் எடுத்த பிறகு கார்டு விளக்கு அணையும்வரை கார்டு மூடியைத் திறக்காதீர்கள். படங்கள் கேமராவின் மெமரியில் இருந்து கார்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது, இப்போது திறக்கவில்லை என்றால்? முதல் வேலை, அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். பதற்றத்தில் ஓகே அழுத்திவிட்டு வருபவர்கள் நிறைய. உங்கள் பிடிஎஃப் போல மூலப் பிரதி கணினியில் இருந்தால் கவலையே இல்லை, பழுது பார்த்துவிட்டு மறுபடி காப்பி செய்துகொள்ளலாம். "கட்" செய்து "பேஸ்ட்" கொடுத்தவர்களுக்குத்தான் சிக்கல், மூலமும் போயிருக்கும். வெளி டிரைவுக்கு அனுப்பும்போது எப்போதும் காப்பிதான் கொடுக்க வேண்டும், அங்கே திறந்து பார்த்த பிறகு இங்கே அழிக்கலாம்.

டிரைவ் திறக்கிறது, சில ஃபைல்கள் மட்டும் கெட்டிருக்கின்றன என்றால், திறப்பவற்றை எல்லாம் முதலில் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். அதன் பிறகுதான் பழுது பார்ப்பது: விண்டோஸில் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்ட். இந்த வரிசை முக்கியம். பழுது பார்க்கும் கருவியின் குறிக்கோள் கணக்கை நேராக்குவது. கணக்கில் ஒட்டாத பதிவுகளை அது வெட்டி எறிந்துவிடும், அதில் உங்கள் ஃபைலும் இருக்கலாம். விண்டோஸ் இப்படி வெட்டியவற்றை "ஃபவுன்ட்" என்று பெயர் தொடங்கும் மறைவான ஃபோல்டரில், சி.எச்.கே. என்று முடியும் ஃபைல்களாகப் போட்டு வைக்கும். அவற்றைக் குப்பை என்று அழிக்காதீர்கள். ஃபோட்டோ தொலைந்திருந்தால் அந்த ஃபைலின் ஒரு பிரதியை எடுத்து, பெயர் முடிவை ஜேபெக் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பல நேரம் திறக்கும்.

மேக்கில் மாட்டிய எக்ஸ்ஃபேட் டிஸ்க் வெகுநேரம் திரைக்கே வராமல் இருந்தால், டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒழுங்காக மூடப்படாத டிஸ்க் என்று கண்டால் மேக் பின்னணியில் தானே சோதனையைத் தொடங்கும், அது முடியும்வரை டிஸ்க்கைக் காட்டாது. பெரிய டிஸ்க் என்றால் நிறைய நேரம் ஆகும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து மறுபடி பிடுங்குவதுதான் செய்யக்கூடாதது.

டிரைவ் அறவே திறக்கவில்லை, ஆனால் அளவு சரியாகக் காட்டுகிறது என்றால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் ஃபோல்டர் கணக்கைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை வைத்தே ஃபைல்களைத் தேடி எடுக்கும். பெயர்கள் திரும்பாது, ஃபைல்கள் திரும்பும். எடுப்பவற்றை அதே டிரைவில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தாலோ, பென்டிரைவ் 0 பைட் என்று காட்டினாலோ மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். அது வன்பொருள் பழுது, ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுப்பதும் நிலைமையை மோசமாக்கலாம். உள்ளே இருப்பது உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், கழற்றி வைத்துவிட்டு டேட்டா ரிகவரி செய்பவரிடம் நேரே கொண்டுபோங்கள். என்ன நடந்தது, எப்போது பிடுங்கினீர்கள், அதன் பிறகு எதையெல்லாம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அவர் தீர்மானிப்பது அதை வைத்துத்தான்.